கீழ்ப்பாக்கத்து வாசலைத் தாண்டியவர்கள்

தமிழ்நாட்டில் சில ஊர்ப்பெயர்கள், அவ்வூர்க்காரர்கள் எந்தப் பாவமும் அறியாதிருக்க, வசைச் சொற்களாகிவிட்டன. "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று திண்ணையிலும் சினிமாக் கொட்டகையிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்து வருகிறோம். ஏர்வாடியும் குணசீலமும் அதே பரிகாசத்துக்கு அவ்வப்போது துணைக்கு வருகின்றன. சிரிப்பின் அடியில் கிடக்கும் தீர்ப்போ சிரிக்கத்தக்கதன்று: அந்த வாசலுக்குள் ஒருமுறை புகுந்தவனுடைய புத்தி அங்கேயே தங்கிவிட்டது, திரும்பி வந்தாலும் வந்தவன் பழைய ஆள் அல்லன் என்பதே அது. இதைப் பாமரர் மட்டும் கூறவில்லை. ஐரோப்பாவின் பெரும் வைத்திய பண்டிதர்களே பல தசாப்த காலம் இதைப் பாடமாக ஓதினர். எந்த ஆதாரத்தின்மேல் அவர்கள் அவ்வாறு எழுதினார்கள், பிற்பாடு அதைத் திருத்தியவர்கள் யார், அந்தத் திருத்தத்தில் சென்னை மாநகருக்கு உள்ள பங்கு எத்தகையது என்பதை ஆராய்ந்து பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியம்.

கதை கீழ்ப்பாக்கத்தில் தொடங்கவில்லை. 1794-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ரண வைத்தியரான வாலண்டைன் கானலி என்பவர், சித்தப்பிரமை கொண்டவர்களை வைத்துப் பராமரிப்பதற்காகச் சுமார் 20 பேர் தங்கக்கூடிய ஒரு விடுதியைச் சென்னையில் ஏற்படுத்தினார். அது தர்ம ஸ்தாபனமன்று; கம்பெனியின் கஜானாவை நம்பித் தனி மனிதர் ஒருவர் நடத்திய தொழில். பின்னால் டால்ட்டன் என்பவர் கைக்கு வந்தபோது அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. சர்க்கார், கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்றிருந்த 66 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கிக் கட்டடங்கள் எழுப்பி, 1871-ஆம் ஆண்டு மே மாதத்தில் 145 நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அப்பெயருக்கும் அந்நோய்க்கும் இன்றுவரை விடாத முடிச்சு விழுந்தது. 1922-இல் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்ற பழைய பலகை போய் 'சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரி' என்ற பலகை வந்தது. பலகை மாறியதேயன்றி மதிலின் உயரம் மாறவில்லை.

அக்காலத்து ஆஸ்பத்திரிகளின் ஆண்டறிக்கைகளில் அட்டவணைகளுக்குக் குறைவில்லை. புதிதாக வந்தவர், குணமடைந்தவர், சற்றுத் தேறியவர், இறந்தவர் என்று கட்டம் கட்டமாகக் கணக்கு இருக்கும். உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அவர்கள் உழைப்பால் வந்த வருமானம் எவ்வளவு என்பதுகூட இருக்கும். ஆனால் 'குணமடைந்தவர்' என்று ஒரு கட்டத்தில் அடைக்கப்பட்ட மனிதன், வாசலைத் தாண்டி மதுராந்தகத்துக்கோ நெல்லூருக்கோ போய்ச் சேர்ந்தபின், மறுபடி ஏர் பிடித்தானா, கடைக்கணக்கு எழுதினானா, எழுதிய கணக்குத் தப்பில்லாமல் இருந்ததா என்று கேட்க ஒரு கட்டமும் அந்த அறிக்கைகளில் கிடையாது. வாசலோடு சர்க்காரின் கடமை முடிந்தது. வைத்தியரின் ஆவலும் முடிந்தது.

இந்த ஆவல் முடியாமல் தொடர்ந்த ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். 1856-இல் பிறந்த எமில் கிரேப்பலின் என்ற அந்த வைத்தியர், லைப்ஸிக் நகரில் மனோதத்துவ சோதனைகளின் தந்தையெனத்தக்க வுண்ட் என்பவரிடம் பயின்றவர். முப்பதாம் வயதில், இன்று எஸ்டோனியாவிலுள்ள டோர்ப்பாட் நகருக்குப் பேராசிரியராகப் போனவர். அங்கே அவருக்கு ஒரு விசித்திரமான இடையூறு நேர்ந்தது. நோயாளிகளிற் பெரும்பாலோர் பேசிய பாஷை அவருக்குத் தெரியாது. துபாஷியின்றி அவர்களோடு ஒரு வார்த்தை பேச இயலாது. நோயாளியின் பிதற்றலில் அர்த்தம் தேடுவதைவிட, அவனுடைய நோய் எவ்வாறு தொடங்கி எவ்வாறு நடந்து எங்கே போய் முடிகிறது என்று கவனிப்பதே சாஸ்திரமாகும் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியதற்கு, இந்தச் செவிட்டு வாழ்க்கையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

1891-இல் ஹைடல்பர்க் நகருக்கு மாறிய பிறகு அவர் கைக்கொண்ட முறை அலாதியானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், வயது, நோய் தொடங்கிய விதம், நடந்த விதம் யாவும் சுருக்கமாக எழுதப்படும். புதிதாக வந்தவனுக்கு என்ன நோய் என்று முதற்பார்வையில் தோன்றியதை உதவி வைத்தியர்கள் சீட்டெழுதி ஒரு பெட்டியில் போடுவார்கள். அவன் போன பிறகு சீட்டை எடுத்து, நினைத்தது எது, நடந்தது எது என்று ஒப்பிடுவார்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போதும் கிரேப்பலின் அந்த அட்டைக் கட்டுகளைக் கொண்டுபோய், மேசையில் பரப்பி, அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பாராம். அவ்விதம் அடுக்கியதில்தான், இளமையில் திடீரென்றோ மெல்லமெல்லவோ வந்து, செவிக்கு இல்லாத குரலையும் மனத்துக்கு இல்லாத பகையையும் காட்டி, கடைசியில் புத்தியையே மழுங்கச் செய்துவிடும் நோய் ஒன்று தனியாக உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1893-இல் வெளியான தம் பாடநூலின் நான்காம் பதிப்பில் அதற்கு டிமென்ஷியா ப்ரீகாக்ஸ், அதாவது இளமைப் புத்திக்கேடு, என்று பெயரிட்டார். 1899-இல் வந்த ஆறாம் பதிப்பில் அதை, வந்து வந்து தெளியும் உன்மாதத்தினின்றும் பிரித்து எதிரெதிரே நிறுத்தினார். அதைத்தான் இன்று மனச்சிதைவு என்கிறோம்.

கிரேப்பலினை வெறும் பெயரிடுபவராக மட்டும் நினைத்துவிடலாகாது. அவருடைய சோதனைச் சாலையில் ஓரிலக்க எண்கள் வரிசை வரிசையாக அச்சிடப்பட்ட ஏடுகள் இருந்தன. உட்காருகிறவர் அடுத்தடுத்த இரண்டு எண்களை மனத்துக்குள் கூட்டி விடையை எழுதிக்கொண்டே போக வேண்டும். குறித்த நேரத்துக்கொரு தரம் மணி அடிக்கும், அடித்தவுடன் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு எத்தனை கூட்டல் என்று எண்ணினால், மனிதனுடைய கவனம் பழக்கத்தால் ஏறுவதும் களைப்பால் இறங்குவதும் வளைகோடாகக் கிடைத்துவிடும். மனம் என்பதை வாய்ச் சொல்லால் மட்டுமன்றிக் கடிகாரத்தாலும் அளக்கலாம் என்பதை வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தவர் அவர். இந்நோயில் பழைய ஞாபகங்கள் பெரும்பாலும் அழிவதில்லை, அவதானமும் முயற்சியும்தான் முதலில் தளர்கின்றன என்று அவர் எழுதிவைத்ததை இன்றைய ஆராய்ச்சி முற்றும் ஏற்காவிடினும், பார்க்க வேண்டிய இடத்தை அவர் சரியாகவே பார்த்தார்.

அவர் கணக்குத்தான் பிசகிற்று. ஹைடல்பர்க் சிகிச்சைசாலை சிறியது. நாட்பட்ட நோயாளிகளை வேறு பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றிவிடுவது வழக்கம். அவ்வாறு மாற்றப்பட்டவனை எத்தனை ஆண்டு கழிந்தாலும் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டுபிடித்துவிடலாம். தெளிந்து வீட்டுக்குப் போய், தனக்கு இப்படி ஒன்று நேர்ந்ததை அயலாருக்குச் சொல்லாமல் தச்சு வேலை செய்துகொண்டிருந்தவனைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சிறு பகுதியினர் குணமடைவதை அவரும் மறுக்கவில்லை. எனினும் நோயின் பெயரிலேயே முடிவை எழுதிவிட்ட பிறகு உள்ளேயுள்ள விலக்குகளை யார் படிக்கிறார்கள்?

கல்யாண வீட்டில் பந்தி எழுந்த பிறகும் இலையை விட்டு நகராதவர்களை மட்டும் பார்த்துவிட்டு, வந்த விருந்தாளிகள் எல்லாருமே மந்தர்கள் என்று ஒருவன் முடிவு கட்டினால் எப்படியிருக்கும்? பெரும் ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்கள் செய்தது இதுவே. தேறியவர் வருவதில்லை, தேறாதவர் தினமும் வருகிறார், ஆகவே தேறுவாரே இல்லை என்று வைத்தியர் நம்புகிறார். 1984-இல் பட்ரீஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர்கள் இதை வைத்தியரின் மாயை என்று பெயரிட்டுக் கணக்கால் நிரூபித்தார்கள்.

மாயை கலையத் தொடங்கியது ஸ்விட்ஸர்லாந்தில். ஜூரிச் நகரத்துப் புர்க்ஹோல்ஸ்லி ஆஸ்பத்திரியின் தலைவரான யூஜென் ப்ளாய்லர், 1908-இல் இந்நோய்க்கு ஸ்கிஸோஃப்ரீனியா என்ற புதுப் பெயரைச் சூட்டி, புத்தி மழுங்குவது இதன் கட்டாயமான முடிவன்று என்று வாதித்தார். ஆனால் பூரணமாகக் குணமடைந்தவனை அவரும் கண்டதாக ஒப்பவில்லை. தந்தையின் அந்தக் குறையைத் தீர்த்தவர் மகன் மான்ஃப்ரெட். அவர் வளர்ந்ததே அந்த ஆஸ்பத்திரி வளாகத்தில். தந்தையின் சகோதரியொருத்தி இதே நோயோடு அவர்கள் குடும்பத்தோடேயே வசித்தாள். அத்தையை உணவு மேசையில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, நோயாளி என்பவள் நோய் மட்டுமல்லள் என்பதைப் புத்தகம் சொல்ல வேண்டியிருந்திராது. 1942-இல் தந்தையின் ஆசனத்தில் அமர்ந்த மான்ஃப்ரெட், அக்காலத்தில் அங்கே சேர்ந்த 208 பேரை இருபதாண்டுகளுக்கு மேல் தாமே தொடர்ந்து பார்த்து, 1972-இல் நூலாக எழுதினார். சராசரியாகப் பார்த்தால் ஐந்தாண்டுகளுக்குப் பின் இந்நோய் மேலும் முற்றுவதில்லை, சற்றே தணியத் தொடங்குகிறது என்பது அவருடைய முடிவு. அதன்பின் லோஸான் நகரில் 289 பேரைச் சராசரி 37 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வும், பான் நகரில் 502 பேரைப் பற்றிய ஆய்வும் ஏறத்தாழ அதையே உறுதிப்படுத்தின.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாண ஆஸ்பத்திரியின் கடைசி வார்டுகளில், எவரும் மீள்வார்களென எதிர்பாராத 269 பேரை, 1950-களில் ஜார்ஜ் புரூக்ஸ் என்ற வைத்தியர் தேர்ந்தெடுத்து, வேலைப் பயிற்சியும் இருப்பிடமும் ஏற்பாடு செய்து ஊருக்குள் அனுப்பினார். சராசரி 32 ஆண்டுகள் கழித்துக் கோர்ட்னி ஹார்டிங் என்ற அம்மையார் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து 1987-இல் வெளியிட்ட கணக்கில், பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையிலானோர் குணமடைந்தோ கணிசமாகத் தேறியோ இருந்தனர். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர்தான் அமெரிக்க மனநோய் வைத்தியரின் அதிகாரபூர்வமான கையேடு, இந்நோயாளி பழைய நிலைக்குத் திரும்புவது அபூர்வம் என்று அச்சிட்டிருந்தது என்பதை நினைத்தால், கிரேப்பலினின் அட்டைகளின் செல்வாக்கு எவ்வளவு நீண்டது என்று விளங்கும்.

இதனிடையே மருந்து வந்தது. 1950-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சில் தயாரான குளோர்ப்ரோமஸினை 1952-இல் பாரிஸ் நகரத்து டிலே, டெனிக்கர் என்ற இருவர் சித்தப்பிரமைக்குக் கொடுத்துப் பலன் கண்டதை உலகம் அறியும். 1931-லேயே கல்கத்தாவில் கணநாத ஸென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்து உன்மாதம் தணிவதை எழுதியதை அவ்வளவு பேர் அறியார். அதன் சத்து பாஸல் நகரத்துக் கம்பெனியில் ரெஸர்ப்பின் என்று மாத்திரையாகி வந்த பிறகே நமக்கும் அதன் அருமை தெரிந்தது. இம்மருந்துகள் சங்கிலிகளை அவிழ்த்தன, குரல்களை அடக்கின. இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆனால் குரல் அடங்கியவனுக்கு அவதானம் தானே திரும்பவில்லை.

நம் தேசத்தில் இக்காலத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற வைத்தியர் ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்து நோயாளியின் வீட்டாரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் மனநல மையம் தொடங்கியபோது, வீட்டார் ஒருவர் கூடத் தங்குவதையே விதியாக்கிற்று. தாயோ தமக்கையோ சமைத்துப் போட்டு, மருந்து கொடுக்கக் கற்று, நோயாளியோடேயே ஊர் திரும்புவாள். கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் தலைமை வகித்த சாரதா மேனன், இத்தேசத்தின் முதல் பெண் மனநோய் வைத்தியரென்று பெயர் பெற்றவர், வெளிநோயாளர் பகுதியையும் தொழிற்பயிற்சியையும் வளர்த்து, மதிலின் வாசலை இருபுறமும் திறக்கும் வாசலாக்க முயன்றார். ஓய்வு பெற்றபின் 1984-இல் அவர் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம் இன்றும் சென்னையில் இயங்குகிறது.

1981-ஆம் ஆண்டில் சென்னை அரசுப் பொது ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் டாக்டர் ராஜ்குமாரும் டாக்டர் தாராவும் அவர்கள் குழுவினரும் தொடங்கிய காரியம் கிரேப்பலினின் பிசகைத் திருத்தியதாகச் சொல்லத்தக்கது. அவர்கள் பழைய நோயாளிகளை எடுத்துக்கொள்ளவில்லை. முதன்முறையாக நோய்வாய்ப்பட்டு வந்தவர்களாகவே 90 பேரைத் தெரிந்து, அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் வராவிட்டாலும் தாங்களே தேடிப்போய்ப் பார்ப்பதென்று உறுதி செய்துகொண்டார்கள். சென்னையில் ஒருவரைப் பல ஆண்டுகள் தேடிப் பிடிப்பது இலேசான காரியமா? வாடகை வீட்டுக்காரர் ஆண்டுக்கொரு தெரு மாறுவார். வீட்டு எண் பழையதொன்று புதியதொன்று இருக்கும். பெண்ணுக்கு விவாகம் ஆகிவிட்டால் புக்ககத்தின் முகவரியைத் தாய்வீடு மறைக்கும். ஆயினும் பத்தாண்டு முடிவில் 76 பேரையும் இருபதாண்டு முடிவில் 61 பேரையும் அவர்கள் கண்டு எழுதினர். பத்தாம் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கினர் நல்ல நிலையில் இருந்தனர். ஆடவரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தனர். நம் ஊரில் வேலை என்பது பென்ஷனோடு கூடிய உத்தியோகமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. மாமன் கடையில் எடை போடுவதும், அண்ணன் வயலில் மடை பார்ப்பதும் வேலையே. இந்த இலகுவான ஏற்பாடு எத்தனையோ பேரைத் தாங்கிப் பிடித்தது.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 1960-களின் பிற்பகுதியில் ஆக்ரா உட்பட ஒன்பது நகரங்களில் 1,202 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வும், ஏழை நாடுகளில் இந்நோய் நன்றாகத் தேறுகிறது என்றே சொல்லிற்று. உடனே கூட்டுக்குடும்பத்தின் மகிமை என்று நம்மவர்கள் மார் தட்டிக்கொண்டோம். ஆனால் மறுபக்கமும் இருந்தது. அதை எழுதியதும் சென்னைக்காரர்களே. நகரத்தில் இந்நோய் கண்ட 261 பேரில் 75 பேர் ஒருநாள் கூட வைத்தியம் பெறவில்லை என்று அவர்கள் கண்டார்கள். கணவரால் கைவிடப்பட்ட 76 பெண்களைப் பற்றி விசாரித்து, நோயின் பாரத்தோடு தள்ளிவைக்கப்பட்டவளென்ற பாரத்தையும் சேர்த்துச் சுமப்பதை எழுதினார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகையொன்று தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓடவும் முடியாமல் மாண்டபோது, அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் குடும்பத்தாரே என்பதை மறந்துவிட முடியாது. 2008-இல், ஏழை நாடுகளில் முடிவு நல்லது என்ற கொள்கையையே கேள்விக்குள்ளாக்கிய கட்டுரையை எழுதிய நால்வரில் டாக்டர் தாராவும் ஒருவர். தாம் பெற்ற நல்ல பெயரைத் தாமே உரைத்துப் பார்க்கும் இந்தக் குணத்தை மெச்சாதிருக்க இயலாது.

இந்தப் பெரிய ஆய்வுகளெல்லாம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே: குரல் கேட்கிறதா, சந்தேகம் தீர்ந்ததா, வேலைக்குப் போகிறானா, விவாகம் நிலைத்ததா? கிரேப்பலினின் எண் ஏடு அளந்ததை, அதாவது அவதானத்தை, பெரும்பாலான வைத்தியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓரமாக ஒதுக்கிவைத்தனர். விதிவிலக்கு உண்டு: அமெரிக்காவில் வுஸ்டர் ஆஸ்பத்திரியில் 1928 முதல் 1946 வரை இருந்த டேவிட் ஷாக்கோ, விளக்கு எரிந்தவுடன் விரலை எடுக்கச் சொல்லி நேரத்தை அளந்தார். 'தயாராக இரு' என்ற சமிக்ஞைக்கும் விளக்குக்கும் இடையே நேரம் நீளநீள, நோயாளி தயாராகக் காத்திருக்கும் சக்தியை இழந்துவிடுவதைக் கண்டார். 1976-இல் லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரியில், ஊடுகதிர்ப் படத்தில் நாட்பட்ட நோயாளிகள் 17 பேருடைய மூளையின் உட்குழிகள் விரிந்திருப்பதும், விரிவு மிகுந்தவர்களிடம் அறிவுத் தளர்ச்சி மிகுந்திருப்பதும் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1996-இல் மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது வைத்தியர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது: நோயாளி மறுபடி வேலை செய்து பிழைப்பானா என்பதை, குரல் கேட்பதும் கேட்காததும் காட்டுவதைவிட, கேட்ட சொற்களை நினைவில் நிறுத்தும் சக்தியும் இடைவிடாத கவனமும் நன்றாகக் காட்டுகின்றன.

இந்தச் சக்தியை அளப்பது எப்படி என்று பார்த்தால் நோயின் உட்கூறு தெரியும். சோதிப்பவர் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பதினைந்து சொற்களை, சொல்லுக்கொரு வினாடியாக, நிதானமாகப் படிக்கிறார். நினைவிருக்கிறவற்றைச் சொல்லச் சொல்கிறார். மறுபடி அதே பட்டியல், ஐந்து முறை. சாதாரண இளைஞனுக்கு ஒவ்வொரு முறையும் சொற்கள் கூடிக்கொண்டே போகும். முதல் நோயிலிருந்து தெளிந்து, நன்றாகப் பேசி, தலைவாரி உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கோ பட்டியல் மெல்லத்தான் ஏறுகிறது, பாதியில் நின்றும் விடுகிறது. வீட்டில் இது எவ்வாறு தோன்றும்? கறிவேப்பிலை, பெருங்காயம், அரைக்கிலோ துவரம்பருப்பு என்று சொல்லியனுப்பினால் கறிவேப்பிலையோடு திரும்பி வருகிறான். "மாத்திரை போட்டுக் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன சோம்பேறித்தனம்?" என்று தகப்பனார் கோபிக்கிறார். கல்லூரியில் பேராசிரியர் சொல்லும் வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடுகிறது. நம் திரைப்படங்களில் ஓர் அதிர்ச்சியில் பைத்தியம் பிடித்து இன்னொரு அதிர்ச்சியில் தெளிந்துவிடும். தெளிந்த மறுகணம் கதாநாயகி பழைய பாட்டைப் பிழையின்றிப் பாடுவாள். இதைப் பார்த்தே வளர்ந்த குடும்பம், இரண்டாண்டு மூன்றாண்டு நீளும் இந்த மந்தத்தைச் சோம்பல் என்று எண்ணுவதில் வியப்பில்லை.

அப்படியானால் கிரேப்பலின் சொன்னதே மெய்யா, புத்தி நாளுக்கு நாள் தேய்கிறதா? ஆய்வுகள் தரும் விடை, அவர் சொன்னதினும் நல்லது, நாம் விரும்புவதினும் கொஞ்சம் கெட்டது. குறை பெரும்பாலும் நோய்க்கு முன்பே, சிறுவயதிலேயே இலேசாகத் தொடங்குகிறது. முதல் நோயை ஒட்டி இறங்குகிறது. பின்பு பல ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. லண்டனிலும் நாட்டிங்ஹாமிலும் முதல் நோய்க்காரர்களைப் பத்தாண்டு தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வும், நியூயார்க் மாகாணத்து ஸஃபக் வட்டாரத்தில் இருபதாண்டு தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வும், சில சக்திகள், முக்கியமாகச் சொல் நினைவு, மெல்லக் குறைந்தும் வருகின்றன என்று காட்டின. ஆனால் அது சராசரி. சராசரிக்கு மேலே கணிசமானவர்கள் இருக்கிறார்கள்; அறிவுச் சோதனையில் குறைந்த எண் பெற்றும் குடும்பம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தச் சக்தியைத் திருப்பித் தருவதற்கென அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை, பயிற்சிதான் உண்டு. 2011-இல் டில் வைக்ஸ் என்ற லண்டன் அம்மையாரும் அவர் குழுவினரும் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இத்தகைய பயிற்சிகளால் நடுத்தரமான பலன் உண்டென்றும், வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போது வாழ்க்கையிலும் அது தெரிகிறதென்றும் கண்டனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் உருவான பயிற்சிகளில் கம்ப்யூட்டரை எதிர்பார்க்காதவை பல. அச்சிட்ட எழுத்துகளின் நடுவே குறிப்பிட்ட ஓர் எழுத்தை மட்டும் அடித்துக்கொண்டே போவது ஒன்று. கலந்து கொட்டிய தானியங்களை வகைவகையாகப் பிரிப்பது இன்னொன்று. பிரிக்கும் நேரத்தையும் பிசகையும் குறித்துவைத்து, நாளடைவில் வகைகளைக் கூட்டுகிறார்கள். முதல் நோயிலிருந்து தெளிந்தவர்கள் இதுபோன்ற பயிற்சிகளை வீட்டிலேயே, வீட்டார் மேற்பார்வையில் செய்து சில சோதனைகளில் முன்னேறியதை 2012-இல் அந்நிலையத்தார் வெளியிட்டனர். அதே நிலையத்தார் தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலொன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து 2002-இல் எழுதியதும் இங்கே நினைக்கத்தக்கது: அங்கே விசேஷமான சடங்கு எதுவும் நடக்கவில்லை, வந்தவர்கள் சராசரி ஆறு வாரம் தங்கி, பிராகாரத்தைக் கூட்டினார்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், நோய்க்குறிகளின் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இது மருந்துக்கு மாற்றென்று நான் சொல்ல வரவில்லை. அவசரப்படுத்தாத இடத்தில், தினமும் செய்து முடிக்கக்கூடிய சிறு வேலையொன்று இருப்பதற்கு மதிப்பு உண்டு என்பது மட்டும் தெரிகிறது.

ஆகவே, தெளிந்து வீடு திரும்பும் பிள்ளையின் தகப்பனாருக்கும் அவனுடைய வைத்தியருக்கும் ஒரு விண்ணப்பம். அவனை இந்த ஆண்டே பரீட்சை எழுதச் சொல்லாதீர்கள். ஓராண்டு தள்ளிப் போடக் கல்லூரியைக் கேளுங்கள். கடைக்கு அனுப்பும்போது மூன்று சாமான்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற வைத்தியர், அதன் கீழே அவனுடைய நினைவையும் கவனத்தையும் சோதித்து இரண்டு வரி எழுதி, செய்ய வேண்டிய பயிற்சியையும் குறிக்கட்டும். இப்பயிற்சிகளுக்கு ஒரு தட்டும், இரண்டு மூன்று வகைத் தானியமும், பென்ஸிலும், பக்கத்தில் உட்கார வீட்டில் ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். மாவட்ட ஆஸ்பத்திரி எதற்கும் இது எட்டாத செலவன்று.